சோதனைக்குப் போட்ட ஐந்து கிலோ சங்கரா

மூன்று நாளாக முரண்டு பிடித்த டேட்டாபேஸ், இன்று காலை என் ஆப்போடு இணைந்துவிட்டது. மீன் விற்கும் மல்லிகா அக்காவுக்காக நான் எழுதும் ஆப்.

சும்மா ஒரு ஆர்டர் போட்டுப் பார்த்தேன். ஐந்து கிலோ சங்கரா மீன், என் பெயர், சேலையூர் முகவரி. டேட்டாபேஸ் அதைச் சேமித்தது. கேட்டதும் அப்படியே எடுத்துக் கொடுத்தது. அறைக்குள் தனியாக ஓர் ஆட்டம் போட்டேன்.

பதினொரு மணிக்கு வாசலில் அக்கா.

"தம்பி, உன் ஆர்டர் என் போன்ல வந்துச்சு. வெட்டிக் கழுவி எடுத்துகினு வந்துட்டேன்."

"அக்கா, அது டெஸ்டிங்குக்குப் போட்டது."

"அதான் பாஸ் ஆயிடுச்சே. பாத்திரம் எடுத்துகினு வா."

எங்கள் வீட்டில் முட்டைகூட வாங்குவதில்லை. அம்மா வாசல் கேட் அருகே வந்து நிற்கிறார்.

சேலையூர் நண்பர்களே, ஆப் பிரமாதமாக வேலை செய்கிறது. யாராவது பாத்திரத்தோடு ஓடி வாருங்கள்.