அறுபதாம் லெவலில் ஒரு அப்பா

எங்கள் விளையாட்டில் அவர் பெயர் 'பஞ்சர்'. வெளியே, டயர் கடையில், எல்லோரும் 'அலைன்மென்ட்' என்று கூப்பிட்டார்கள். கார் சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று பார்த்துத் திருத்துவது அவர் வேலை. தரையில் வெட்டிய நீளமான பள்ளத்துக்குள் இறங்கி, தலைக்கு மேல் நிற்கும் வண்டியின் வயிற்றைப் பார்த்தபடி ஸ்பானரைத் திருகுவார். சுவரிலிருக்கும் திரையில் சிவப்பு எண்கள் பச்சையானால் மேலே ஏறி வருவார். நான் முதன்முதலாக ஸ்கூட்டருக்கு டயர் மாற்றப் போனபோது, பள்ளத்துக்குள்ளிருந்து வந்த குரல் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வருடமாக ஹெட்போனில் கேட்ட குரல்!

"அண்ணே, நீங்க... பஞ்சரா?"

"டயர் கடையில வந்து பஞ்சரான்னு கேக்கறியே, கொஞ்சம் பாத்துப் பேசுப்பா" என்றபடி தலையை நீட்டியவர் அடுத்த நொடியே என் குரலைக் கண்டுபிடித்துவிட்டார். "அடப்பாவி, நீயா! குகையில என்னைத் தனியா விட்டுட்டு ஓடினவன்தானே நீ?"

அப்படித்தான் பழகினோம். அவரைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாகத் தோன்றிக்கொண்டிருந்தது. யாரும் எழுதப் போவதில்லை. நானே எழுதிவிடுகிறேன்.

அவர் விளையாட வந்ததே மகளுக்காக. மனைவியும் அவரும் பிரிந்து, மனைவிக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து, மகள் அம்மாவோடு போய்விட்டாள். தினமும் போன் செய்வார். அந்தப் பேச்சு எப்படி இருக்கும் என்று அவரே நடித்துக் காட்டுவார்: ஸ்கூல் போனியா, போனேன். படிச்சியா, படிச்சேன். அப்புறம்? அப்புறம் ஒண்ணுமில்ல. "பேசி முடிக்கறதுக்குள்ள வேர்த்துடும் தம்பி. இன்டர்வியூ மாதிரி." ஒருநாள் அவள்தான், "அப்பா, பேசாம நான் விளையாடற கேமுக்கு வாங்களேன்" என்றிருக்கிறாள்.

தெரியாதவர்களுக்கு ஒரே ஒரு விளக்கம். இந்த மாதிரி இணைய விளையாட்டில் நாம் ஒரு வீரனையோ வீராங்கனையையோ உருவாக்கி, பூதங்களை அடித்து, வேலைகளை முடித்து, லெவல் லெவலாக ஏற வேண்டும். எங்கள் விளையாட்டில் உச்சம் அறுபது. அதற்கு மேல் ஏற முடியாது. மகள் ஒரு கோடை விடுமுறையிலேயே அறுபதைத் தொட்டுவிட்டாள். இவருக்கோ, கடை மூடி, கிரீஸ் போக்கும் சாம்பல் நிற சோப்பால் கையை முழங்கை வரை தேய்த்துக் கழுவி, கடை மாடியில் தங்கியிருந்த அறைக்குப் போய் பழைய லேப்டாப்பைத் திறந்தால் கிடைப்பது ஒரு மணி நேரம். வருடக் கணக்கானது. ஆனால் வந்து சேர்ந்தார். ஏன் சேர முடிந்தது? மேலே ஏற அவளுக்கு இடமில்லை. அவ்வளவுதான் காரணம். அவர் அறுபதைத் தொட்ட அன்று மகள் விளையாட்டின் ஊர்ச் சதுக்கத்தில் வாணவேடிக்கை விட்டாள். எங்கள் விளையாட்டுக் குழுவினர் முப்பது பேர் சுற்றி நின்று குதித்தோம். அன்று ஹெட்போனில் அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

அதற்கப்புறம் இருவரும் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. உடைந்த பாலத்தில் உட்கார்ந்து மீன் பிடிப்பார்கள், தெரிந்த குகைக்குள்ளேயே மறுபடி மறுபடி போய் வருவார்கள். கைக்கு வேலை இருந்தால் வாய் தானாகத் திறக்கும் போலிருக்கிறது. தோழி ஒருத்தி காரணமே சொல்லாமல் பேச்சை நிறுத்தியது, பல்லில் கம்பி போட்டது, அம்மா சமையலறையில் தனியாக அழுதது எல்லாவற்றையும் அவள் மீன் பிடித்தபடியேதான் அப்பாவிடம் சொன்னாள். நடுவில், கீழே கடையில் டயருக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரஸர் தடதடவென்று ஓட ஆரம்பிக்கும்.

"அப்பா, உங்க டிராகன் முழிச்சுக்கிச்சு."

"பசி அதுக்கு. நாலு டயர் போட்டாதான் தூங்கும்."

அப்புறம் அந்த அறிவிப்பு வந்தது. புதுப் பாகம் வருகிறது, உச்சம் எழுபதாகிறது, உங்கள் கருத்து என்ன என்று கம்பெனி கேட்டிருந்தது. எங்கள் குழுவில் ஒரே ரகளை. எங்கள் தலைவர் மருந்துக் கடை வைத்திருப்பவர், எல்லாவற்றுக்கும் ஒரு டோஸ் சொல்லுவார்.

"ஏத்தித்தான் ஆகணும். ஒரே பூதத்தை எத்தனை தடவை அடிக்கறது? நம்மளைப் பாத்தாலே அது இப்பல்லாம் கொட்டாவி விடுது."

நானும் அந்தக் கட்சிதான். புது மலை, புது வாள், புது லெவல்! எனக்குக் கைகள் பரபரத்தன. பஞ்சர் அண்ணன் மட்டும் மெதுவாகச் சொன்னார்:

"உச்சின்னு ஒண்ணு ஒரே இடத்துல நின்னாத்தான் மெதுவா வர்றவனும் ஒருநாள் வந்து சேருவான். அதை நகத்திக்கிட்டே இருந்தா, எங்களை மாதிரி ஆளுங்க எப்போ சேர்றது?"

"அண்ணே, அப்போ நீங்க ஏன் புது டயர் விக்கறீங்க? பழசையே ஓட்டச் சொல்லுங்களேன்!" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். நியாயமான கேள்வி என்று வேறு சொன்னார்.

புதுப் பாகம் சரியாக அவளுடைய விடுமுறையில் வந்தது. வகுப்புத் தோழிகளோடு அவள் புயலாக ஏறினாள். அவர் அறுபத்தொன்றைத் தொட்டபோது அவள் அறுபத்தாறில் இருந்தாள். இந்த விளையாட்டில் ஐந்து லெவல் இடைவெளி என்றால் சாதாரணமில்லை. அவள் இருக்கும் காட்டுக்கு இவர் போனால் ஒரு நரி கடித்துச் செத்துவிடுவார். இவர் இருக்கும் காட்டுக்கு அவள் வந்தால் அவள் நிழல் பட்டே எல்லாம் செத்துவிடும், இவருக்கு ஒரு புள்ளியும் ஏறாது. பாலத்தில் உட்காரலாம், உண்மைதான். உட்கார்ந்தார்கள். ஆனால் தோழிகள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். "அஞ்சு நிமிஷம்ப்பா, இதோ வந்துடறேன்" என்று போவாள். அவர் தூண்டிலைப் போட்டுக் காத்திருப்பார். நான் அந்தப் பக்கம் குதிரையில் போகும்போதெல்லாம் பார்ப்பேன். போகும்போதும் தனியாக இருப்பார், திரும்பும்போதும் தனியாக இருப்பார்.

எங்கள் விளையாட்டில், சந்தையின் மூலையில் கடிகாரக்காரன் ஒருவன் நிற்பான். மனிதன் இல்லை, விளையாட்டே வைத்திருக்கும் பொம்மை. அவனிடம் கேட்டால் நம் வளர்ச்சியை நிறுத்திவிடுவான். எத்தனை பூதம் அடித்தாலும் லெவல் ஏறாது. மறுபடி போய்க் கேட்டால்தான் திறந்துவிடுவான். வேடிக்கைக்காகச் சிலர் செய்வார்கள். ஒரு மாலை நாங்கள் மூவரும் ஹெட்போனில் இருந்தபோது அவர் கேட்டார்.

"ஏய் பிசாசு, அப்பா ஒண்ணு கேக்கட்டுமா? அந்தக் கடிகாரக்காரன்கிட்ட போய் கொஞ்ச நாள் நிறுத்திக்கறியா? நான் வந்து சேர்ற வரைக்கும்."



"எவ்ளோ நாள்ப்பா?"

"சீக்கிரம் வந்துடறேன்டா."

"உங்க சீக்கிரம் எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தாள். "சரி. அறுபத்தாறுலயே நிறுத்திக்கறேன்."

என் அப்பா கேட்டிருந்தால்கூட நான் செய்திருக்க மாட்டேன். அவள் செய்தாள்! அன்றைக்கு எனக்கு அது எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா? குழுவில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

அவரும் சும்மா இருக்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பள்ளத்தின் படியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு பூதம் அடித்தார். அந்த அவசரத்தில் ஒரு காரின் சக்கர நட்டை முறுக்காமல் விட்டுவிட்டார். வண்டி தெருமுனையிலேயே ஆட்டம் கண்டு திரும்பி வந்துவிட்டது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் முதலாளி விடவில்லை. "இந்த வயசுல உனக்கு என்னய்யா பொம்மை விளையாட்டு? நீ நிமித்தறது சக்கரம்யா, சட்டி இல்ல" என்று கத்தி, லேப்டாப்பை மாடியிலிருந்து இறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஓடப் பார்த்தவர் முன்னைவிட மெதுவானார்.

அங்கே அவளுடைய தோழிகள் எழுபதைத் தொட்டார்கள். எழுபது இருந்தால்தான் திறக்கும் கோபுரத்துக்குள் எல்லோரும் போனார்கள். அவளுக்குப் பதில் வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டார்கள். "என்னை என்ன கேலி பண்றாளுங்க தெரியுமாப்பா? 'உங்கப்பாவுக்கு ஆயா வேலை பாக்கறியாடி'ங்கறாளுங்க" என்று சிரித்தபடி சொன்னாள். அவரும் சிரித்தார். "சம்பளம் எவ்ளோ கேட்ட?" என்றார். நானும்தான் சிரித்தேன். மூன்று பேர் சிரித்ததில் ஒருத்தியின் சிரிப்பு எங்களுடையதுபோல இல்லை என்று எங்கள் இருவருக்கும் உறைக்கவே இல்லை.

அதற்கப்புறம் அவள் வருவது குறைந்தது. பரீட்சை என்றாள், தலைவலி என்றாள். அவர் நம்பினார், நம்பிக்கொண்டே ஏறினார்.

அறுபத்தாறைத் தொட்ட மறுநாள் மாலை நான் கடையில்தான் இருந்தேன். பின் சக்கரத்தில் காற்று இறங்குகிறது என்று ஸ்கூட்டரைக் கொண்டுபோயிருந்தேன். விளையாட்டில் அனுப்பிய செய்திக்கு அவளிடமிருந்து பதிலே வரவில்லை என்று, கை நிறையக் கிரீஸோடு, போனை மேஜையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"பிசாசு! அப்பா வந்துட்டேன்! அறுபத்தாறு! கிளம்பு, கடிகாரக்காரன்கிட்ட போய் திறந்துவிடச் சொல்லுவோம்."

"அப்பா... நான் அதை டெலீட் பண்ணிட்டேன்ப்பா."

"எதை?"

"கேமை. போன்ல இடமே இல்ல. கேரக்டர் எல்லாம் அப்படியேதான் இருக்கும். நான்தான் விளையாடறதில்ல."

"ஏன்டா? இப்போதானே சேந்திருக்கோம்."

"அவளுங்க எல்லாம் கோபுரம் முடிச்சுட்டு விட்டுட்டாளுங்கப்பா. நான் மட்டும் என்ன பண்றது? தினமும் வந்து சும்மா நின்னுட்டிருந்தேன். ரொம்ப போர் அடிச்சுது."

"சொல்லியிருக்கலாமே. நீ மேல போயிருக்கலாமே."

"நீங்க நிக்கச் சொன்னீங்கல்ல."

அதில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தாலாவது அவருக்குச் சமாதானம் சொல்ல ஏதாவது கிடைத்திருக்கும். டியூஷனுக்கு நேரமாச்சு என்று வைத்துவிட்டாள். அவர் கிரீஸ் கையோடு போனையே பார்த்துக்கொண்டு நின்றார். திரை அணைந்தது. பள்ளத்தின் மேல் நின்ற காருக்குச் சொந்தக்காரர், "அண்ணே, ஆச்சா?" என்றார். "ஆகுது சார்" என்று இவர் கீழே இறங்கினார். இறங்கியவர் ஒரு சக்கரத்தையும் தொடவில்லை. அடியிலிருந்து என்னைக் கேட்டார்:

"தம்பி, அவளுக்குப் போட்ட நிறுத்தத்தை வேற யாராவது எடுத்துவிட முடியுமா?"

"முடியாதுண்ணே. அவங்கவங்களேதான் வந்து கேக்கணும்."

அன்று இரவு நான் விளையாட்டுக்குள் போனபோது அவர் சந்தை மூலையில் இருந்தார். கடிகாரக்காரனுக்கு முன்னால் நின்று, எல்லோருக்கும் தெரியும்படி தட்டச்சு செய்துகொண்டிருந்தார். "என் பொண்ணை விட்டுடுங்க." கொஞ்சம் கழித்து, "நான்தான் தப்பா கேட்டுட்டேன், அவளை விட்டுடுங்க." போகிற வருகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். யாரோ ஒருவன் சிரிப்புப் படங்களாகப் போட்டு, "அண்ணே, அது பொம்மை அண்ணே!" என்றான்.

"தெரியும் தம்பி" என்று எழுதினார்.

பிறகு கடிகாரக்காரனின் மெனுவைத் திறந்து தன் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டார். அவர் தலைக்கு மேல் நின்றுபோன கடிகாரப் படம் ஒன்று வந்தது. நான் பதறிப்போய் ஹெட்போனில் கூப்பிட்டேன்.

"என்னண்ணே பண்றீங்க? அவ வந்தா அவளே திறந்துக்குவா. நீங்க ஏன் நிக்கறீங்க?"

"அவ வந்து பாக்கும்போது நான் மேல போயிருந்தா நல்லா இருக்காது தம்பி."

"ஒருவேளை வரலேன்னா?"

அவர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டார் போல. கம்ப்ரஸர் ஓடும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

அடுத்த பாகத்தையும் அறிவித்துவிட்டார்கள். உச்சம் எண்பது. மறுபடியும் கருத்துக் கேட்டார்கள், மறுபடியும் மருந்துக் கடைத் தலைவர் ஏற்றச் சொன்னார். இந்தத் தடவை நான் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. ஏற்றாவிட்டால் அந்தப் பெண் எப்போதோ சலித்துப் போயிருப்பாள் என்கிறார்கள். இருக்கலாம். குழுவில் யாரோ பஞ்சர் அண்ணனின் கருத்தைக் கேட்டார்கள்.

"ஏத்தட்டும்" என்றார். "எனக்கென்ன."