கோட்டில் வந்த கறுப்புத் தூள்

உங்க அம்மா அழுக்குத் துணியைக் கையில் வாங்கினதும் ஒரு உதறு உதறுவாள். தெருமுனை வரைக்கும் கேட்கும். துவைக்கக் கொடுப்பவர்களில் பாதிப் பேர் பீச்சுக்குப் போய்வந்த துணியை அப்படியே மூட்டை கட்டி அனுப்புவார்கள். மணல் இருக்கும், சில்லறை இருக்கும், குண்டூசி இருக்கும். ஒரு குண்டூசி போதும், இன்னொருத்தர் பட்டுப்புடவை கிழிந்துபோகும். அதனால் முதலில் உதறு, பிறகு ஊறவை. மயிலாப்பூரில் நம் லாண்டரி ஆரம்பித்த நாளிலிருந்து அதுதான் வழக்கம். இப்போது ஏன் அம்மா உதறுவதில்லை என்று சின்னவள் போன வாரம் கேட்டாள். உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். பத்தாவதோடு நின்றவன் நான், எனக்குப் புரிந்த அளவுக்குத்தான் சொல்வேன்.

அடையாறு பக்கம் ஒரு கம்பெனி. அங்கே துப்புரவு வேலையைக் காண்ட்ராக்ட் எடுத்திருந்தவரின் சூப்பர்வைசர் ஒரு நாள் வந்து, வெள்ளைக் கோட்டு மூட்டை ஒன்றை வாசலில் வைத்தார். வாராவாரம் வரும் என்றார். நல்ல வேலை கிடைத்ததே என்று எனக்குச் சந்தோஷம். கோட்டுகளின் கைப்பக்கமெல்லாம் கறுப்பாக இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, மையும் இல்லை. தொட்டால் விரலில் ஏறிக்கொள்ளும், சோப்புக்கு லேசில் போகாது. அம்மா வழக்கம்போல ஒவ்வொன்றாக உதறித்தான் ஊறப்போட்டாள்.

கொஞ்ச நாளில் ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஏம்பா, வேஷ்டியில கரி ஒட்டிண்டிருக்கே! நீ இன்னும் கரிப்பெட்டிதான் வெச்சுண்டிருக்கியா?"

"அதை விட்டு வருஷக்கணக்காச்சு சார். இப்ப கேஸ் பெட்டிதான்."

"அப்போ இது ஆகாசத்துலேர்ந்து விழுந்துதாக்கும்!"

அவர் கிண்டலாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அது மனசில் தைத்துக்கொண்டது. அந்த வேட்டி கோட்டுகளோடு ஒரே தொட்டியில் ஊறியதே கிடையாது. தேய்த்து மடித்து மேல் தட்டில் இருந்த துணி அது. அங்கே கறுப்பு ஏறியிருக்கிறது என்றால் காற்றில்தான் வந்திருக்க வேண்டும். அந்தக் காற்றைத்தானே நாம் எல்லோரும் இழுத்துக்கொண்டிருக்கிறோம்? அம்மாவுக்கு மார்கழியில் மூச்சிழுப்பு வரும், தையில் போய்விடும். இந்த வருஷம் பங்குனி பிறந்தும் அவள் இருமிக்கொண்டிருந்தாள்.

அடுத்த தடவை சூப்பர்வைசரை நிறுத்திக் கேட்டேன்.

"இது இன்னா தூளு சார்?"

"ஒண்ணியும் இல்ல நைனா, கார்பன். பென்சில்ல கீதே, அத்தே சரக்குதான். சின்ன வயசுல நீ பென்சில் கடிச்சதில்ல? செத்தா பூட்ட?"

நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை. அவர் போன பிறகு சொன்னாள்: "அவ்ளோ சாதுவான சரக்குன்னா, அந்தாளு ஏன் மூட்டைய வாசல்லயே போட்டுட்டு ஓடுறான்? ஒரு நாளாவது உள்ள வந்து கீறானா?"

யோசித்துப் பார்த்தேன். வந்ததே இல்லை.

அடுத்த மூட்டை வந்ததும் அதைப் பிரிக்கவில்லை. அப்படியே வண்டியில் போட்டுக்கொண்டு நானே கம்பெனிக்குப் போனேன். பின் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி ஜன்னல். உள்ளே ஒருத்தர் தலை முதல் கால் வரை மூடியிருந்தார். முகமூடியில் இரண்டு பக்கமும் உருண்டையாக ஏதோ வைத்திருந்தது. கண்ணாடிப் பெட்டி ஒன்றில் ரப்பர் உறைக்குள் கையை விட்டு, கறுப்புத் தூளை அள்ளிக்கொண்டிருந்தார். பென்சில் சீவுகிறவர்கள் யாரும் இப்படி உடுத்திக்கொண்டு சீவுவதில்லை.

பொறுப்பானவர் யாரையாவது பார்க்காமல் போவதில்லை என்று கேட் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். "மேடம் மீட்டிங்ல கீறாங்க, அப்பால வா" என்றார் வாட்ச்மேன். நான் நகரவில்லை. கடைசியில் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்கிற பெண் ஒருவர் இறங்கி வந்தார். சின்ன வயசுதான். மூட்டையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"இது எப்படிண்ணா உங்ககிட்ட வந்துச்சு? இந்தக் கோட்டு கட்டடத்தை விட்டு வெளியவே போகக்கூடாதே!"

நிஜமாகவே அவருக்குத் தெரியாதா, மாட்டிக்கொண்டதும் தெரியாத மாதிரி பேசினாரா? இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அவர் விளக்கியதை உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். அது வெறும் கரித்தூள் இல்லை. கரியையே நூல் மாதிரி, உள்ளே வெற்றிடம் உள்ள குழாயாகச் செய்கிறார்கள். நம் தலைமுடியை அதற்குப் பக்கத்தில் வைத்தால் பெரிய மரம். பிளாஸ்டிக்கில் கலந்தால் உறுதியாகும், பெயின்ட்டில் கலந்தால் கரண்ட் கடத்தும், பேட்டரியில் போட்டால் நன்றாக உழைக்கும். அப்படிக் கலந்து இறுகிவிட்டால் லேசில் பறக்காது. தூளாக இருக்கும்போதுதான் பயம்.

"மூச்சுல போனா என்ன ஆகும் மேடம்?"

"சில வகை நீளமா, விறைப்பா இருக்கும். எலிக்குக் குடுத்துப் பார்த்ததுல நுரையீரலைக் கெடுக்குதுன்னு தெரியுது. நாங்க செய்றது சுருண்டு சிக்கிக்கிட்ட வகை. அது மனுஷனை என்ன செய்யும்னு யாருக்கும் முழுசா தெரியாதுண்ணா. தெரியாததால, கெடுதல்னே வச்சுக்கிட்டுத்தான் வேலை செய்றோம்."

தெரியாது என்று சொல்வது நேர்மையா, நழுவுகிற வழியா? எனக்குள் இரண்டும் ஓடியது.

"நீங்க இதை எப்படித் துவைப்பீங்க?" என்று கேட்டார்.

"மொதல்ல ஒரு உதறு உதறுவோம் மேடம்" என்று மூட்டையிலிருந்து ஒரு கோட்டை உருவி, செய்து காட்டக் கையைத் தூக்கினேன்.

"ஐயோ, வேணாம்ண்ணா! உதறாதீங்க!" பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கை அவர் மூக்கைப் பொத்தியிருந்தது.

அவர் சொன்னதில் பாதியைத்தான் நம்பினேன். அந்தப் பிடியை முழுசாக நம்பினேன். அத்தனை வாரம் உங்க அம்மா கையை யாரும் அப்படிப் பிடிக்கவில்லை.

அன்றைக்கே இரண்டு ஆட்களோடு நம் கடைக்கு வந்தார். விளக்குமாறைத் தொடவிடவில்லை. ஈரத்துணியால் தட்டு தட்டாகத் துடைத்து, துடைத்த துணியையும் பையில் கட்டி எடுத்துக்கொண்டார்கள். கோட்டுகளை இனிமேல் உள்ளேயே துவைத்துக்கொள்வதாகச் சொன்னார். அம்மாவைக் கம்பெனி டாக்டரிடம் காட்டலாம் என்றார்.

"அவங்க டாக்டர் அவங்க பக்கம்தான் பேசுவாரு. நான் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போறேன். நீயும் கூட வாம்மா, அது இன்னா தூளுன்னு டாக்டராண்ட நீயே சொல்லு" என்றாள் உங்க அம்மா.

வந்தார். எங்களோடு வரிசையில் நின்றார். நல்ல மனசா, நாங்கள் என்ன சொல்லப்போகிறோம் என்று பார்க்க வந்தாரா என்று நான் அப்போதும் யோசித்துக்கொண்டுதான் நின்றேன். அம்மா அவருக்கு பெஞ்சில் இடம் ஒதுக்கிக் கொடுத்தாள்.

டாக்டர் நெஞ்சைப் படம் எடுத்தார், குழாயில் ஊதச் சொன்னார். "பழைய இழுப்புதான் தெரியுது. படத்துல தெரியாததை இல்லைன்னு நான் சொல்ல முடியாது. மருந்தைப் போடுங்க, ஆறு மாசம் கழிச்சுத் திரும்ப வாங்க" என்றார்.

அந்தப் பொருள்மேல் எனக்குப் பகை இல்லை. உங்கள் கையிலிருக்கும் போனின் பேட்டரியிலும் இருக்கலாம். போனைத் தூக்கிப் போடுங்கள் என்று சொல்லமாட்டேன், சொன்னாலும் போடமாட்டீர்கள். ஆனால் செய்கிறவனுக்கு முகமூடி கொடுத்துவிட்டு, துவைக்கிறவளிடம் பென்சில் என்று சொன்னார்களே, அதை மட்டும் மறக்காதீர்கள்.

இப்போது எந்தத் துணியையும் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் பிரிக்கிறோம். மணலையும் குண்டூசியையும் அம்மா கையால் தடவித்தான் எடுக்கிறாள். இருமல் குறைந்திருக்கிறது. ஆறு மாசம் இன்னும் ஆகவில்லை. அதனால் அவள் எப்போது இருமினாலும் இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன். அவளுக்குக் கோபம் வருகிறது. நேற்று மத்தியானமும் இருமினாள், நானும் பார்த்தேன்.

"மொளகா தாளிச்சேன்யா! அதயும் போய் கம்பெனில கேட்டுக்கினு வரியா?"

சிரித்தேன். ஆனாலும் அவள் அந்தப் பக்கம் போனதும் அடுப்படிக்குப் போய் வாணலியை எட்டிப் பார்த்தேன். மிளகாய் இருந்தது.