நடவு வயலில் ரோஜா அத்தர்

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு வயலுக்கு நாற்று முடிச்சு சுமக்கப் போனபோது அந்த அம்மாவைப் பார்த்தேன். ஒல்லியான கறுத்த உடம்பு, பாதி நரைத்த தலை. சேற்றில் இறங்குமுன் இடுப்புச் செருகலிலிருந்து சின்னக் குப்பியை எடுத்து, இரண்டு காதுக்குப் பின்னும் ரோஜா அத்தரைத் தொட்டுக்கொண்டார். நடவில் அவர் கை யாருக்கும் பிந்தவில்லை.

வயல்காரர் வரப்பில் வந்து நின்று மூக்கைச் சுளித்தார்.

"தாலியறுத்தவளுக்கு செண்டு கேக்குதா? இது என்ன கல்யாண வீடா?"

மற்ற பெண்கள் குனிந்தபடியே நட்டார்கள். அந்த அம்மா நிமிர்ந்தார்.

"கல்யாணத்துக்கு என்னை யாருங்க கூப்புடுறாங்க? நான் போற எடம் வயலுதான். அதான் இங்க பூசிக்கிட்டு வர்றேன்."

"வாய் வேறயா? ஏறு மேல. இனிமே இந்தப் பக்கம் வராத."

அந்த அம்மா வாய்க்காலில் கால் கழுவிவிட்டுப் போய்விட்டார். அன்றைய கூலியும் போயிற்று. யாரிடமும் அதிர்ந்து பேசாத எனக்கே கோபம் வந்தது.

சில நாள் கழித்து அதே வயலில் நான் கூலிக்குக் களைக்கொல்லி அடித்தேன். தெருவரை நாறியது. வயல்காரர் பக்கத்திலேயே நின்றார். மூக்கைச் சுளிக்கவில்லை. அந்த அம்மாவின் ரோஜா மட்டும் அவரை அப்படி என்ன செய்துவிட்டது?