அடுப்பு மேடையின் உயரம்

எழுபதுகளின் நடுவில் உத்தமபாளையத்தில் வீடு கட்டினோம். நின்று சமைக்கும் மேடை அப்போதுதான் எங்கள் தெருவுக்கு வந்திருந்தது. எனக்கு அதில் ஏக ஆசை. பெண்கள் பள்ளியில் நான் டிராயிங் டீச்சர். மனித உடம்பு ஏழரைத் தலை உயரம், கையைத் தொங்கவிட்டால் முழங்கை இடுப்புக்கு நேரே வரும் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டுகிறவள்.

மேடைக்கு அளவெடுக்கும் நாளில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சுவரோரம் போய் நின்றேன். மேஸ்திரி அளவுகோலைக் கீழே வைத்துவிட்டார்.

"நீங்க செத்த தள்ளி நில்லுங்க தாயி. வீட்டுக்காரவுக முழங்கைதான் அளவு. நெலைக்கும் அவுக அளவு, அடுப்புக்கும் அவுக அளவு. மாத்துனா வீட்டுக்கு ஆகாது."

என் கணவர் ஆறடி. நான் அவர் தோளுக்குத்தான் இருப்பேன். அவர் வந்து நின்றார். முழங்கைக்கு அரைச்சாண் கீழே மேஸ்திரி கரிக்கோடு போட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல்தான் எரிச்சல் வருகிறது.

பிறகு எட்டு வருஷம். தோளைத் தூக்கிக்கொண்டே குழம்பு கிண்டினேன், தோளைத் தூக்கிக்கொண்டே தோசை சுட்டேன். பள்ளிக்குப் போனால் கரும்பலகைக்குக் கை எழும்பாது; ஒருத்தியை வரையச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன். காலுக்குக் கீழே ஒரு மரப்பலகை போட்டும் பார்த்தேன். வலி கொஞ்சம் இடம் மாறியது, அவ்வளவுதான்.

"என்னங்க, ரெண்டு வரிசை செங்கலக் கொறச்சாப் போதும்" என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன்.

"குடியிருக்கிற வீட்டுல அடுப்ப ஒடைக்கக் கூடாதுன்னு மேஸ்திரி சொல்லியிருக்காக" என்பார். கெட்ட மனுஷர் இல்லை. பயந்த மனுஷர்.

ஒருநாள் காலை அவசரத்தில் பலகையிலிருந்து சறுக்கி விழுந்தேன். வலது கைக்கு மாவுக்கட்டு. வேறு வழியில்லாமல் அவர் அடுப்படிக்குள் நுழைந்தார். உப்பு எங்கே, புளி எங்கே என்று கேட்டுக் கேட்டு ரசம் வைத்தார். நான் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மேடை வாகாத்தான இருக்கு. இத்தன வருஷம் எதுக்குப் பொலம்புன?" என்றார், திரும்பாமல்.

பொய் சொல்லவில்லை. அவர் தோள் ஏறவில்லை, கழுத்து இறுகவில்லை. கை தன் பாட்டுக்குக் கிண்டிக்கொண்டிருந்தது. அந்த அடுப்படியில் ஓர் உடம்பு வலியில்லாமல் சமைப்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.