பிஸ்கட் டப்பாவில் இருந்த திருகிகள்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சம். அப்படிப்பட்டவன் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பல்களில் கழித்துப்போட்ட சாமான்களை விற்கும் கடையில் வேலை பார்க்கிறேன். ஒயின் பாட்டிலின் தக்கையைத் திருகி இழுக்கிற கருவிகள் அங்கே வரும். ஒருநாள் பித்தளைப் பன்றி ஒன்று வந்தது. சுருட்டை வால்தான் திருகாணி. சிரித்துக்கொண்டே வீட்டுக்குக் கொண்டுபோனேன். இப்போது ஒரு பிஸ்கட் டப்பா நிறைய முப்பத்தொரு திருகிகள் இருக்கின்றன. ஒயினை நான் வாயில் வைத்ததே கிடையாது.

மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், குடிக்கிற வீட்டில் சம்பந்தம் வேண்டாம் என்று தரகரிடம் கறாராகச் சொல்லியிருந்தார்கள். மகளுக்கோ பையனைப் பிடித்துவிட்டது. என் மனைவி பதற்றத்தில் வந்தவர்களுக்கு வாங்கிவைத்த மக்ரூன் இனிப்பு டப்பாவுக்குப் பதில் அதே மாதிரி இருந்த என் நீல பிஸ்கட் டப்பாவைக் கூடத்தில் வைத்துவிட்டாள். மாப்பிள்ளையின் அம்மா திறந்தார். அவர் கையில் வந்தது கோடு போட்ட காலுறை மாட்டிய ஒரு வெள்ளைக்காரியின் இரண்டு கால்கள். பிரித்தால் உள்ளே திருகாணி.

"இது என்னது மைனி?"

"பாட்டில் திறக்கது. இவுக பொம்மைன்னு நெனச்சு சேக்காவ. குடிக்கவே மாட்டாவ."

"முப்பது திருகி வச்சிக்கிட்டா?"

உதவிக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு அக்கா குறுக்கே வந்தார். "கிறிஸ்துமஸுக்கு நான் போட்ட திராட்சை ஒயின் ஒரு பாட்டில் கெடக்கு. அண்ணாச்சி திறந்து காட்டட்டும். பழகுன கைன்னா தெரிஞ்சிரும்லா."

பாட்டில் வந்தது. பன்றியை எடுத்துக் குத்தினேன். கோணலாக இறங்கியது. எந்தப் பக்கம் திருகுவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் திருகினேன். தக்கைத் தூள் வேட்டியெல்லாம் கொட்டியது. பாட்டிலைக் காலிடுக்கில் வைத்து இழுத்தேன். பன்றி மட்டும் வெளியே வந்தது. மாப்பிள்ளையின் அம்மா முகம் தெளிந்துகொண்டே வந்தது.

அவர் கணவரால்தான் பொறுக்க முடியவில்லை. "இங்கன தாங்க அண்ணாச்சி." டப்பாவிலிருந்து இரண்டு கை உள்ள திருகியை எடுத்தார். பாட்டில் வாயைத் துடைத்தார். நாலு திருகு, ஒரு அழுத்து. பக்கென்று தக்கை வந்தது. அதை மூக்கருகே கொண்டுபோய் மோந்து தலையாட்டினார்.

மாப்பிள்ளையின் அம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"ஏங்க, இத எங்கன படிச்சீக?"

"கப்பலுக்கு வேலையா போகையில பாத்திருக்கேன்."

"மோந்து பாக்கதையும் பாத்துத்தான் படிச்சீகளோ?"

அறைக்குள் மகள் சிரித்துவிட்டாள். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு குலுங்கினார். அவர்கள் மக்ரூன் சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சொல்கிறோம் என்று கிளம்பினார்கள்.

மறுநாள் காலை மாப்பிள்ளையின் அம்மா போன் செய்து, நிச்சயத்துக்கு நாள் பார்க்கச் சொன்னார். அவர் கணவர் பேசவில்லை.