பாறைக்கு மேலே தெரிந்த கை

பசறை ஊருக்கு மேலே எங்கள் தோட்டத்தில் வாய்க்கால் தண்ணீரை அளக்கிறவர் சின்னராசா. ஓடையிலிருந்து எங்கள் மரக்கறிப் பாத்திகளுக்கு வரும் வழியில் எவ்வளவு மண்ணுக்குள் ஊறிப் போகிறது என்று மாதம் ஒருமுறை விவசாயச் சங்கத்துக்குச் சொல்ல வேண்டும். வாய்க்காலின் தலைப்பில் ஓர் இடம், கடைசியில் ஓர் இடம். இரண்டிலும் இருபது மீட்டர் இடைவெளியில் இரண்டு முளை அடித்திருக்கும். முதல் முளையில் ஒரு தோடம்பழத்தை மிதக்கவிட்டு, அடுத்ததற்கு வர எத்தனை விநாடி என்று பார்ப்பார். பழம் மெதுவாக வந்தால் தண்ணீர் குறைவு; தலைப்பைவிடக் கடைசியில் எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவும் வழியில் போனது.

கடைசி இடத்தில் நடுவில் ஒரு பாறை மறைக்கும். அதனால் அவர் மனைவி இராக்கம்மா அடுத்த முளையில் நின்று, பழம் வந்ததும் கையைத் தூக்குவாள். பாறைக்கு மேலே கை மட்டும் தெரியும். இவர் போனில் ஓடும் விநாடிக் கணக்கை அமுக்கி நிறுத்துவார். வீட்டில் அதிகம் பேசாத இருவருக்கும் அதுதான் பெரிய பேச்சு.

தை மாதம் இராக்கம்மா இறந்துபோனாள். அதற்குப் பிறகு தனியாகத்தான் அளந்தார். பழத்தை விட்டுவிட்டு, முழங்கால் வலியோடு பாறையைச் சுற்றிப் போய், அடுத்த முளையருகே வாய்க்காலுக்குக் குறுக்கே வைத்த குச்சியில் அது முட்டி நிற்பதைக் கண்டதும் அமுக்குவார். துணைக்கு ஆள் வேணுமா என்று நாங்கள் ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார், அது வேறு விஷயம்.

வழக்கமாகப் பத்தில் ஒரு பங்கு ஊறும் வாய்க்காலில் திடீரென்று மூன்று பங்கு காணோம். வழியில் பாத்தி வைத்திருப்பவள் மாரியாயி ஒருத்திதான். களவாகத் தண்ணீரைத் திருப்புகிறாள் என்று சங்கக் கூட்டத்தில் முடிவு கட்டி, அவளுடைய தண்ணீர் முறையை நிறுத்தினோம். நானும்தான் கை தூக்கினேன். அவள் பாத்தியில் போஞ்சிக் கொடி வாடிச் சுருண்டது.

அடுத்த மாதம் அளக்கும்போது சின்னராசா பாறையருகே வழுக்கி உட்கார்ந்துவிட்டார். எழுந்துபோய் அமுக்கினால், கணக்கில் பாதித் தண்ணீர் இல்லை. அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

கூட்டத்தில் எழுந்து நின்றார். "தண்ணி எங்கயும் போகலங்க. பழம் முந்தியே வந்துருது, நான்தான் பிந்திப் போறேன். அந்தப் புள்ள மேல பழியப் போட்டுட்டேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. மாரியாயிதான் சொன்னாள்: "நாளைக்கு நான் முளைகிட்ட நிக்கிறேன், அண்ணே."

மறுநாள் நானும் போனேன். முதல் தடவை விட்ட பழம் கணக்கில் வரவில்லை. இரண்டாவது தடவை, இராக்கம்மா நின்ற காலத்தில் வந்த அதே நாற்பது விநாடி வந்தது. அன்றைக்கே மாரியாயிக்கு முறையைத் திருப்பிக் கொடுத்தோம்.

முதல் தடவை என்ன ஆச்சு என்று கேட்டேன். சின்னராசா பழத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாறைக்கு மேல கை தெரிஞ்சுச்சு," என்றார். "அமுக்க மறந்துட்டேன்."