நான் சொல்லிக்கொடுத்த கடல்குறி

எனக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம் இருக்கும். உலகச் சண்டை முடிந்து ஊர் கொஞ்சம் மூச்சு விட்ட காலம். திரேஸ்புரத்தில் எங்கள் தெருவுக்கு மெட்ராஸிலிருந்து ஒரு பெண் வந்தார். எம்.ஏ. படிப்பில் மானிடவியல் என்று ஒரு பாடமாம். கடற்கரையில் மனுஷர் எப்படிப் பிழைக்கிறார்கள், அந்தப் பிழைப்பு முன்னேற என்ன வழி என்று நேரில் பார்த்துக் கட்டுரை எழுதிக் கொடுத்தால்தான் தேர்ச்சியாம். அவரும் படிக்கிற பிள்ளைதான். கையில் நோட்டும் கண்ணில் கண்ணாடியும் இருந்ததால் எங்களுக்கு அவர் டீச்சர்.

கன்னியர் மடத்தில் தங்கி, தினமும் காலையில் வருவார். எங்கள் பேச்சு அவருக்குப் பாதிதான் புரியும். நான் ஐந்தாம் வகுப்பு முடித்தவள் என்பதால் மாமியார் என்னை அவர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார். எனக்கோ அந்நியர் முகம் பார்த்துப் பேச வராது. சேலை நுனியைப் பார்த்தே பதில் சொல்வேன்.

ஒருநாள் எங்கள் குடும்பத்தைப் படமாகப் போட்டார். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம். மாமியார் எட்டிப் பார்த்து, "ஏளா, என்னைய எதுக்குத் தோச மாதிரி வரைஞ்சிருக்கு?" என்றார். ஓரத்தில் இருந்த சின்ன வட்டம் நான்.

அடுத்த வியாழக்கிழமை மாமியார் சந்தைக்குப் போயிருந்தார். டீச்சர் என்னிடம் கேட்டார்: "கடல்ல தடமே கிடையாதே. நேத்துப் போன இடத்துக்கே இன்னைக்கு எப்படித் திரும்பிப் போறாங்க?"

அது எனக்குத் தெரிந்த விஷயம். கல்யாணமான புதிதில் தூண்டில் கயிறு முறுக்கிக்கொண்டே வீட்டுக்காரர் சொன்னது. கடலுக்கடியில் பாறைத் திட்டு இருக்கும், அதை நாங்கள் 'பார்' என்போம். மீன் அங்கேதான் கூடும். எங்கள் பாருக்குப் போக, வள்ளத்திலிருந்து கரையைப் பார்க்கும்போது கோவில் சிலுவை உப்புக் கிட்டங்கிக் கூரைக்கு நேர்மேலே ஏறவேண்டும். மொட்டைப் பனை கலங்கரை விளக்குக்குப் பின்னால் ஒளியவேண்டும். இரண்டும் ஒன்றாகச் சேருகிற இடம்தான் பார். முதல் தடவையாகத் தலை நிமிர்ந்து சொன்னேன். "இதுதான் எனக்கு வேணும்" என்று வேகமாக எழுதினார். சந்தோஷத்தில் இன்னொரு தம்ளர் கருப்பட்டிக் காப்பி கொடுத்தேன்.

அவர் போனதும் தம்ளரைக் கழுவும்போதுதான் உறைத்தது. பாரின் குறியை அப்பன் மகனுக்குச் சொல்வான். கூடப்பிறந்தவள் புருஷனுக்குக்கூடச் சொல்லமாட்டான். நான் அதை நோட்டில் ஏற்றிவிட்டேன். போதாததற்கு, எழுதியதையெல்லாம் ஊராருக்கு வாசித்துக் காட்டித் தப்பைத் திருத்தி வரவேண்டும் என்பது அவருடைய பேராசிரியர் கட்டளை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வாசிப்பு. மறுநாள் அவர் ஊருக்குக் கிளம்புகிறார்.

இதைவிடச் சின்னத் தப்புக்கெல்லாம் மருமகளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிய வீடுகள் எங்கள் தெருவில் உண்டு. சனிக்கிழமை மடத்துக்குப் போனேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். டீச்சர் வாசலுக்கு வந்தார். "அந்த நோட்டுல..." என்றேன். நான் வழியனுப்ப வந்திருப்பதாக நினைத்து, கண் கலங்கி ஒரு புதுப் பென்சிலைக் கையில் வைத்தார். பென்சிலோடு திரும்பி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வலைக்கொட்டகையில் வாசித்தார்.

"டீச்சர், நாங்க கருவாடு திங்கதயும் எழுதிருக்கேளே, பரீச்சப் பேப்பர் நாறாதா?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிலுவை, கிட்டங்கி, மொட்டைப் பனை எல்லாம் வந்தன. சிரிப்பு நின்றது. எல்லாத் தலையும் என் மாமனார் பக்கம் திரும்பியது. சில தலைகள் என் பக்கமும். பெண்களுக்குப் பின்னால் இருந்த நான் இன்னும் குனிந்துகொண்டேன்.

மாமா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "தப்பு ஒண்ணுமில்ல. அப்படியே இருக்கட்டும்" என்றார்.

திங்கட்கிழமை டீச்சர் ரயிலேறினார். அன்றே மூன்று வள்ளங்கள் அந்தக் குறிக்குப் போயின. மத்தியானம் சேறு அப்பிய தூண்டிலும் நாலு கெளிறு மீனுமாகத் திரும்பின. "ஒங்க பார்ல சேறுதான் வெளையுதா அண்ணாச்சி?" என்று ஒருவர் வள்ளத்திலிருந்தே கத்தினார். மாமா வெற்றிலை தெறிக்கச் சிரித்தார்.

வீட்டுக்காரர் முற்றத்தில் என்னிடம் கேட்டார்.

"நீதான சொன்ன?"

தலையாட்டினேன். "வீட்டுக்கு அனுப்பிருவியளோன்னு..."

"போளா. கட்டிட்டு வாரவளுக்குச் சொல்லுத குறி அது. எங்கம்மைக்கும் எங்கப்பா அதத்தான் சொல்லிருக்காரு."

பயம் விட்ட இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்தது. அதற்குள் மாமியாரின் கைச்சுளகு நின்றுவிட்டதைக் கவனித்தேன். வாசற்படியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்க்காமல், "முப்பது வருசமா வள்ளம் போனா நான் அந்தப் பக்கம் பாத்துல்லா செபம் சொல்லுதேன்" என்றார். வீட்டுக்காரர் கயிற்றை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

டீச்சர் கட்டுரையில் பொய் ஏறிவிட்டதே, தேறாமல் போய்விட்டால் என்று எனக்குத் தனிக் கவலை. எழுதிச் சொல்லப் பென்சில் இருந்தது, விலாசம் தெரியாது.

மறுநாள் வள்ளம் இறங்கியதும் மாமியாரும் நானும் கரையில் நின்றோம். அவர் செபமாலையைக் கையில் எடுத்தார். எந்தப் பக்கம் பார்ப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.